வண்டிக்கு இருபத்திரண்டு அடி

காஞ்சிபுரம்
3-3-2025

தம்பி குமாரவேலுக்கு அக்கா அம்சவேணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் மூன்று தறியும் சௌக்கியம். சந்தியாவும் பேத்தியும் சௌக்கியம். உன் உடம்புக்கு ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன். புத்திக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது.

போனில் பேசினால் தறிச் சத்தத்தில் நான் கத்த வேண்டியிருக்கிறது. கத்தினால் நீ வைத்துவிடுகிறாய். நேற்றும் வைத்தாய். உன் மாமாதான், "கடுதாசி போடு, அத்த அவன் பாதியில வெக்க முடியாது" என்றார். தபால் ஆபீஸுக்குப் போய்ப் பத்து கவர் வாங்கி வந்திருக்கிறேன்.

கேரவன் வாங்கப் போகிறாயாமே. வேனுக்குள்ளே படுக்கை, அடுப்பு, எல்லாமும். நீ என்ன சினிமா நடிகனா? முப்பத்தோரு வருஷம் ஓசூர் கம்பெனியில் லேத் ஓட்டி, ரிடையராகி மூன்று மாதம் ஆகவில்லை. பி.எஃப். பணத்தைப் பாங்கில் போட்டுவிட்டு உட்காராமல் நான்கு சக்கரத்தின் மேல் ஏற்றுகிறேன் என்கிறாய். டீசல் விற்கிற விலையில் நம் தெருமுனை கமல், லோடு ஆட்டோவை வீட்டில் நிறுத்திவிட்டு டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான். வண்டியே பிழைப்பாக இருக்கிறவன் நிலைமை அது.

நல்ல பதிலாக எழுது.

உன் அக்கா,
அம்சவேணி


ஓசூர்
14-3-2025

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். துர்கா நலம். மாமாவின் இடுப்பு வலி தேவலையா? பேத்திக்குப் பல் வந்துவிட்டதா?

வண்டியைப் போய்ப் பார்த்தேன். பெங்களூரில் ஒருவர் தனக்கென்று செய்துகொண்டது. நீளம் இருபத்திரண்டு அடி. இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பின்பக்கம் பாத்ரூம். அதுதான் விசேஷம் அக்கா. இழுத்துச் சாத்துகிற கதவு, உள்ளே தாழ்ப்பாள். வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. வண்டி ஓடும்போதும் உபயோகிக்கலாம். காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன். படுக்கையிலிருந்து கதவுக்கு நான்கே எட்டு, நானே நடந்து பார்த்தேன். தொட்டியை எங்கே காலி செய்வது, எப்படிக் கழுவுவது எல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதன் படம் ஒன்று அடுத்த பக்கத்தில் வரைந்திருக்கிறேன், பார்.

லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுக்கும் என்கிறார். டீசல் விலை எனக்கும் தெரியும். அதை யோசிக்காமல் இல்லை.

அன்புத் தம்பி,
குமாரவேல்


காஞ்சிபுரம்
22-3-2025

தம்பிக்கு ஆசீர்வாதம். உன் மாமாவின் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. பேத்திக்குக் கீழே இரண்டு பல்.

நாலு பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் கக்கூஸைப் பற்றி எழுதிய மனிதனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். படம் வேறு. மாமா அதை ஏதோ புது டிசைன் என்று நினைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

கணக்கு நான் போடுகிறேன், கேள். ஓசூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இருநூற்றைம்பது கிலோமீட்டர். எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் போகவர அறுபத்திரண்டு லிட்டர். டீசல் தொண்ணூற்றிரண்டு ரூபாய்க்கு மேல். அந்தக் காசில் நீங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் நாலைந்து தடவை வந்துவிட்டுப் போகலாம். ஆசையாக இருந்தால் நாலு நாள் வாடகைக்கு எடு, ஆசை தீர்ந்துவிடும்.

இன்னொன்று. அதை இங்கே எங்கே நிறுத்துவாய்? விடிந்ததும் தெருவில் பாவு விரிப்பார்கள் என்பதை ஓசூர்க்காரர் மறந்துவிட்டீரோ. தறியில் ஏற்றப் போகிற பட்டு நூல் அத்தனையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, எட்டரை மணி வரை அறுந்த இழையைப் பார்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். சைக்கிள்கூட உருட்டித்தான் போகணும். இதில் உன் இருபத்திரண்டு அடியை யார் தலையில் நிறுத்துவது.

ஆவணியில், விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள், குமரகோட்டம் கோயிலில் பேத்திக்குக் காது குத்துகிறோம். என் பெண் சந்தியாவுக்கு உடன்பிறந்தவன் இல்லை. உன் மடியில்தான் உட்கார வைக்கணும். உன் பெண்டாட்டி துர்கா சீர்த்தட்டு ஏந்தணும். பஸ்ஸில் வா.

துர்கா நலம் என்று நீயே எழுதுகிறாய். அவள் கையில் பேனா பிடிக்க மாட்டாளா?

அம்சவேணி


ஓசூர்
9-4-2025

அன்புள்ள அக்காவுக்கு, இருவரும் நலம். மாமாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

வாடகை யோசனை எனக்கும் வந்தது. வாடகை வண்டி என்றால் கூடவே டிரைவர் வருவான். டிரைவர் இருந்தால் துர்கா ஏறமாட்டாள். நானே ஓட்டினால்தான் வருவாள்.

எனக்கு ஊர் சுற்றும் ஆசை இல்லை அக்கா. அதை மட்டும் நம்பு. துர்காவை நாலு இடத்துக்கு அழைத்துப்போக வேண்டும். அவள் இந்த மூன்று வருஷமாக ஓசூரை விட்டு வெளியே போனதில்லை. வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு. இதற்கு மேல் கேட்காதே. கேட்டால் நான் சொல்லிவிடுவேன், சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பாவு விஷயம் நினைவில் இருக்கிறது. யோசிப்போம்.

குமாரவேல்


காஞ்சிபுரம்
17-4-2025

தம்பிக்கு. நாங்கள் நலம்.

சொல்லக் கூடாதாம், வாக்காம். சரி, நான் சொல்கிறேன். மனசில் வைத்து வைத்து எனக்கே அலுத்துவிட்டது.

சந்தியா கல்யாணத்துக்கு நீ ஒண்டியாக வந்தாய். மாமன் வீட்டுச் சீர்த்தட்டைப் பெண்டாட்டி ஏந்தி வருவதுதான் நம்மில் வழக்கம். நீ ஆம்பிளை, கையில் தட்டை வைத்துக்கொண்டு மண்டப வாசலில் நின்றாய். "மாமிக்காரி எங்க, வரலியா?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். முழங்கால் வலி என்று நீ சொன்னதை நானும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அவள் கட்டிக்கொள்ளட்டும் என்று நானும் மாமாவும் இருபது நாள் உட்கார்ந்து அரக்குப் பட்டு நெய்து அனுப்பினோமே, அதைக் கட்டி அவளை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

அதற்கு முந்தி, இன்றைக்கு நாலு வருஷத்துக்கு முன்னால், ஆடிக்கு வந்தாளே, அப்போது என்ன நடந்தது? நாலு நாள் இருக்கிறேன் என்று வந்தவள் தறிக் கூடத்தைத் தாண்டித் தாண்டிப் பின்கட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். "என்னம்மா துர்கா, எங்க பாத்ரூமுக்கு வாடகை கட்டப் போறியா?" என்று கேட்டேன். விளையாட்டுப் பேச்சு. தறியில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். அதற்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள். இவ்வளவு தொட்டாச்சிணுங்கியைக் கேரவனில் ஊர்வலம் அழைத்துப்போக நீ சேர்த்த காசெல்லாம் டீசலாக எரியணுமா?

எழுதிவிட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

அம்சவேணி


காஞ்சிபுரம்
20-5-2025

தம்பி குமாரவேலுக்கு. எல்லாரும் நலம்தானே?

ஒரு மாதமாகிறது. பதில் இல்லை. போன் போட்டால் ரிங் போகிறது, எடுக்க மாட்டேன் என்கிறாய். நேற்று பேத்தி நாலு எட்டு நடந்தாள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

கோபம் என்றால் திட்டி எழுது. கவரில் ஸ்டாம்பு ஒட்டி உள்ளே வைத்திருக்கிறேன்.

அக்கா


ஓசூர்
12-6-2025

அக்காவுக்கு. நலம்.

வண்டி வாங்கவில்லை. வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ சொன்னபடி டீசல் விலைக்குக் கட்டுப்படியாகாது.

காது குத்துக்கு முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். நான் மட்டும்.

குமாரவேல்


காஞ்சிபுரம்
20-6-2025

தம்பிக்கு ஆசீர்வாதம். மாமா உட்பட எல்லாரும் நலம்.

இப்போதாவது புத்தி வந்ததே. பாங்கில் போடு. பெரியவர்கள் சொன்னால் சும்மாவா சொல்வார்கள் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் தலையைக்கூடத் தூக்காமல் தறி நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். அது வேறு எனக்கு எரிச்சல்.

"நான் மட்டும்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன். நான் வேண்டாம் என்றது வண்டியை. அவளை இல்லை.

அம்சவேணி


ஓசூர்
6-7-2025

அன்புள்ள அண்ணிக்கு, துர்காதேவி நமஸ்காரம். நீங்களும் அண்ணாவும் சந்தியாவும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்று மட்டும்தான் உங்களுக்குச் சொன்னோம். அது கேன்சர், அண்ணி. பிறகு இருபத்தைந்து நாள் ரேடியேஷன் என்று கரண்ட் வைத்தார்கள். வியாதி போய்விட்டது, வருஷா வருஷம் பார்த்துச் சொல்கிறார்கள். ஆனால் கரண்ட் வைத்ததில் மூத்திரப்பை சுருங்கிவிட்டது. அரை மணிக்கு ஒரு தடவை போக வேண்டும். வந்துவிட்டால் அடக்க முடியாது. இதைச் சரிசெய்ய மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன்.

சந்தியா கல்யாணத்துக்கு நான் கிளம்பினேன். நீங்கள் நெய்து அனுப்பிய அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு அவருடன் பஸ்ஸில் ஏறினேன். சூளகிரி தாண்டியதும் நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். "ஹைவேல நிறுத்த மாட்டோம்மா, கிருஷ்ணகிரி வந்துடும்" என்றார் கண்டக்டர். கிருஷ்ணகிரி வருவதற்குள் புடவை பாழாகிவிட்டது. அவர் தன் துண்டை என்மேல் சுற்றி, ஒரு ஆட்டோ பிடித்துத் திரும்ப வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் தட்டுடன் தனியாக வந்தார்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை எந்தப் பெட்ரோல் பங்கில் பாத்ரூம் பூட்டியிருக்கும், எதில் சாவி கேட்டால் கொடுப்பார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தப் பங்கில் டீசல் என்ன விலை என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

மார்ச்சில் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். கிருஷ்ணகிரி வரை போய்த் திரும்பினோம். மூன்று தடவை எழுந்து போனேன். வண்டி நிற்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. திரும்பும்போது ஜன்னல் ஓரம் தூங்கிவிட்டேன். பஸ்ஸிலோ காரிலோ நான் தூங்கி ஆறு வருஷம்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை நானும் படித்தேன். அதற்கு மறுநாள் வண்டி வேண்டாம் என்று சொன்னது நான்தான். அவர் இல்லை. டீசல் என்பது சாக்கு. ஆனால் அவர் இரண்டாவது தடவையும் தட்டை வைத்துக்கொண்டு தனியாக நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி இன்னும் விற்கவில்லையாம். டீசல் விலைக்குப் பயந்து யாரும் வாங்கவில்லை, விலையைக் குறைக்கிறேன் என்று போன வாரமும் அந்தப் பெங்களூர்க்காரர் கூப்பிட்டார்.

நீங்கள் வா என்று ஒரு வரி எழுதினால் வருகிறேன்.

தங்கள்,
துர்கா


காஞ்சிபுரம்
10-7-2025

துர்காவுக்கு அம்சவேணி எழுதுவது.

நலம் விசாரித்துத் தொடங்கத் தெரியவில்லை. ஆறு வருஷமாக உன் நலத்தை ஒழுங்காக விசாரித்திருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

ஆடிக்கு வந்தபோது நான் சொன்னதை நீ எழுதவில்லை. ஒரு வார்த்தை இல்லை. நான்தான் நினைத்துப் பார்த்தேன். கரண்ட் வைத்து முடித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது அப்போது. தறிக் கூடத்தில் ஆறு ஆம்பிளைகள். முதலில் சிரித்தது நான். சொன்னது போதாதென்று ஏப்ரலில் அதையே எழுத்தில் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது துர்கா. உன் கடிதத்தைப் பின்கட்டில் போய் உட்கார்ந்து படித்தேன். மாமா வந்து எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கு அழுதுக்கினு இருக்கற?" என்று கேட்டார். வெங்காயம் என்றேன். கையில் வெங்காயம் இல்லை. உன் விஷயத்தை அவரிடம்கூடச் சொல்லவில்லை, சொல்லமாட்டேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. புடவை போனால் போகிறது, இன்னொன்று நெய்ய எனக்குக் கை இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லும்படி நான் நடந்துகொள்ளவில்லை, அதுவும் தெரிகிறது.

வா. ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். இன்னொரு வரியும் எழுதுகிறேன்: நீ வந்தால்தான் காது குத்து.

கீழே இருப்பதைக் கிழித்து அவனிடம் கொடு.

குமாரவேலு, அந்த வண்டியை வாங்கு. இன்றைக்கே போன் போடு. டீசல் விலை ஏறினால் ஏறட்டும், நான் போட்ட கணக்கைக் கிழித்துப் போடு. நூறு லிட்டர் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வா. தெருவில் இடம் நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று கேட்காதே. இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு உன்னிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.

அக்கா


ஓசூர்
5-9-2025

அன்புள்ள அக்காவுக்கு, நல்லபடி வந்து சேர்ந்தோம். துர்காவும் நானும் நலம்.

முதலில் நீ சந்தோஷப்படும்படி ஒன்று. எட்டு கிலோமீட்டர் என்று அந்த மனிதர் சொன்னது பொய். ஏழுதான் கொடுக்கிறது. திரும்பும்போது சூளகிரி ஏற்றத்தில் அதுவும் இல்லை. பங்கில் மீட்டர் ஓடும்போது உன் முகம்தான் கண்ணில் வந்தது.

துர்கா நாலு நாளும் சிரித்த சிரிப்பு, நான் கல்யாணமான புதிதில் பார்த்தது. தட்டை ஏந்திக்கொண்டு அவள் முன்னே நடக்க, நான் வெறுங்கையுடன் பின்னால் வந்தேனே, அப்போது எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காது குத்தும்போது பேத்தி வீறிட்டு அழுது என் பட்டு வேட்டியை நனைத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது துர்கா. "பரவால்லமா, கழுவிக்கலாம், வண்டியில தண்ணி இருக்குது" என்று குழந்தையிடம் சொன்னாள், கவனித்தாயா?

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கிளம்பும் அன்று பாவு வேலைக்காரர்களை மேய்க்கும் கங்கையம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்காவ நல்லா பாத்துக்கப்பா, சக்கரை ஜாஸ்தியாம், நிமிசத்துக்கு நிமிசம் ஓடுதாமே" என்று ஒரு பை வெந்தயம் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரரும் அதையே சொன்னார். உனக்கு எப்போதிலிருந்து சர்க்கரை? இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொந்தத் தம்பியிடம் மறைப்பாயா? துர்கா அழுகிறாள். உடனே எழுது.

குமாரவேல்


காஞ்சிபுரம்
11-9-2025

குமாரவேலுக்கும் துர்காவுக்கும் ஆசீர்வாதம். எனக்குச் சர்க்கரை இல்லை. மாமாவுக்கு இடுப்பு மட்டும். அழுகையை நிறுத்து துர்கா, வெந்தயத்தை ரசத்தில் போடு.

ஆடி மாதமே கங்கையம்மாளிடம் போய் நாலு நாள் இடம் கேட்டேன். முகூர்த்த ஆர்டர் நேரம். "ஒரு நாள்னா சரிக்கா. நாலு நாள் வண்டி நின்னா பாவ எங்க விரிக்கறது, உன் தலை மேலயா?" என்றாள். எதற்கு வண்டி, வீட்டில் தங்கினால் என்ன என்று தெருவே கேட்டது. நான் என்ன சொல்வது? எனக்குச் சர்க்கரை, அடக்க முடியவில்லை, கோயிலுக்குப் போகக்கூட முடியவில்லை, அதற்காகத்தான் தம்பி உள்ளே பாத்ரூம் வைத்த வண்டி கொண்டுவருகிறான் என்றேன். நீங்கள் இருந்த நாலு நாளும் சாட்சிக்காக மணிக்கு ஒரு தடவை நானும் வண்டியில் ஏறி இறங்கினேனே, எதற்கென்று நினைத்தீர்கள்?

அன்று முதல் என் பாடு பெரும்பாடு. தெருவில் நடந்தால், "அக்கா, எங்க வூட்டு பாத்ரூம் காலியா இருக்குது, வாடகை வேணாம்" என்கிறார்கள். நம் தறியில் இருக்கிறவர்களும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது துர்கா.

இன்று காலை வாசலில் வந்து பார்த்தேன். பாவு விரித்திருந்தார்கள். நம் வீட்டு வாசலில் மட்டும் இருபத்திரண்டு அடி விட்டுவிட்டு அடுத்த வீட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். வண்டிதான் போய்விட்டதே, ஏன் விட்டாய் என்று கங்கையம்மாளைக் கேட்டேன். "அவசரத்துக்கு உனக்கு வேணுமேக்கா, அவங்க திரும்ப வராமயா பூடுவாங்க?" என்றாள்.

உள்ளே போய் அவளுக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தேன். டீசல் விலை இறங்கட்டும் என்று காத்திருக்காமல் சீக்கிரம் வந்து சேருங்கள். இல்லாத சர்க்கரையை நான் எத்தனை நாள்தான் வைத்துக்கொண்டிருப்பது.

அக்கா,
அம்சவேணி